ரேடியோ இருக்கிறது, ஸ்டாண்டைக் காணோம்: எந்த வழியில் திரும்பச் செய்வது?

வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழல்கள் போட்ட ரேடியோ) வைத்திருக்கும் பல வீடுகளில் ரேடியோ பத்திரமாக இருக்கும், அது உட்கார்ந்திருந்த ஸ்டாண்ட் மட்டும் இருக்காது. காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஓடாத ரேடியோவைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது, பரணில் ஏற்றிவிடுவார்கள். ஸ்டாண்ட் அப்படியில்லை, புழங்குகிற சாமான். ரேடியோ இறங்கியதும் அதன்மேல் டிவி ஏறும், அப்புறம் மிக்ஸி, அப்புறம் கொல்லையில் தண்ணீர்க் குடம். ஈரத்தில் கால் உளுத்ததும் அடுப்புக்குப் போய்விடும்.

எங்கள் பெரியப்பா வீட்டு பிலிப்ஸுக்கும் இதுதான் நடந்தது. ரேடியோ இப்போது என்னிடம் இருக்கிறது. கண்டென்சர்களை மாற்றி, டயல் கயிறு புதிதாகக் கட்டிய பிறகு மீடியம் வேவ் நன்றாகவே எடுக்கிறது. அதைச் சாப்பாட்டு மேஜை ஓரத்தில் வைத்திருந்ததைப் பார்த்த பெரியம்மா, "அவரு இருந்திருந்தா இப்படி வைக்க விடுவாராடா?" என்று கேட்டுவிட்டார். அதற்கு மேல் ஸ்டாண்ட் செய்யாமல் இருக்க முடியாது.

விசாரித்துப் பார்த்ததில் ஐந்து வழிகள் தெரிந்தன. பழைய தேக்கு வாங்கி ஆசாரியிடம் கொடுத்து அப்படியே நகல் எடுப்பது. பழம்பொருள் கடையில் அதே காலத்து ஸ்டாண்ட் ஒன்றைத் தேடுவது. ப்ளைவுட்டும் வெனீரும் (மேலே ஒட்டும் மெல்லிய மரத் தாள்) வைத்துச் செய்வது. வரைபடம் கொடுத்து, கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினில் வெட்டி வாங்குவது. கடைசியாக, நகல் ஆசையையே விட்டுவிட்டு எளிய ஸ்டாண்டோ சுவர்த் தட்டோ அடிப்பது. பலரும் இதில் எது மலிவு, எது உறுதி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. பழைய ஸ்டாண்டைப் பற்றி உங்கள் கையில் என்ன தடயம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தடயம் இருந்தால் நகல் எடுக்கலாம். இல்லாமல் எடுக்கும் நகல் வெறும் கற்பனை, அதற்குப் பழைய தேக்கைச் செலவழிக்க வேண்டாம்.

எதை நகல் எடுக்கிறோம்?

கம்பெனி ஸ்டாண்டின் படத்தை இணையத்தில் மாதக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கிடைக்காது. தரையில் நிற்கும் ரேடியோகிராம்களுக்குக் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த பெட்டி) கால் கம்பெனியிலிருந்தே வந்தது. மேஜை ரேடியோவுக்கு நம் ஊர்களில் ஸ்டாண்ட் செய்தது உள்ளூர் ஆசாரிகள்தான், அல்லது ரேடியோ விற்ற கடைக்காரர் தனக்குத் தெரிந்த பட்டறையில் சொல்லிச் செய்து கொடுத்தது. அதனால் ஒரே மாடல் ரேடியோ ஒரு வீட்டில் கடைசல் காலோடு நின்றிருக்கும், இன்னொரு வீட்டில் இரண்டு தாங்கி அடித்த சுவர்ப் பலகையில் உட்கார்ந்திருக்கும். உங்கள் ஸ்டாண்ட் உங்கள் வீட்டில் மட்டும் இருந்தது. தடயத்தையும் அங்கேதான் தேட வேண்டும்.

முதலில் ரேடியோவைக் கவிழ்த்துப் பாருங்கள். கவிழ்ப்பதற்கு முன் பின் அட்டையைக் கழற்றி, வால்வுகளை இடம் குறித்துக்கொண்டு எடுத்து வைத்துவிடுவது நல்லது. அடிப்பலகையில் பெரும்பாலும் நான்கு ரப்பர் பாதமோ ஃபெல்ட் பாதமோ இருக்கும். அவற்றைத் தாண்டி வேறு எங்காவது நீளமான தேய்மானமோ, அழுக்கு ஏறாத பட்டையோ தெரிகிறதா என்று பாருங்கள். எங்கள் பெட்டியில் முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு நேர்கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அதாவது ஸ்டாண்டின் மேல்பக்கம் முழுப்பலகை இல்லை. ரேடியோ இரண்டு சட்டங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, யாருக்கும் நினைவும் இல்லை.

அடுத்தது சுவர். பழைய வீடு இன்னும் நின்றால் ரேடியோ இருந்த மூலையைப் போய்ப் பாருங்கள். சுவரில் மரக்கட்டை ஆப்பு அடித்து அதில் திருகு போட்டிருப்பார்கள், ஆப்பு இன்றும் சுண்ணாம்புக்குள் இருக்கும். ஜன்னல் சட்டத்தில் ஏரியல் கம்பி வந்த துளையும், தரையோரம் எர்த் கம்பி போன வழியும் ரேடியோ எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று காட்டிக்கொடுக்கும்.

போட்டோதான் பெரிய சாட்சி. அந்தக் காலத்தில் ரேடியோ இருந்த வீட்டில் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு அத்தையின் நிச்சயதார்த்தப் படம் ஒன்று கிடைத்தது. முக்கால்வாசி ஸ்டாண்ட் தெரிந்தது, ஒரு காலை மட்டும் யாரோ ஒரு குழந்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். கணக்கு சுலபம். ரேடியோவின் அகலம் கையில் இருக்கிறது, 22 அங்குலம். அச்சில் அது 44 மி.மீ. அப்படியானால் 2 மி.மீ.க்கு ஓர் அங்குலம். முன்கால் அச்சில் 52 மி.மீ., ஆகவே 26 அங்குலம். மேல்சட்டம் 5 மி.மீ., ஆகவே இரண்டரை அங்குலம். ஒரு எச்சரிக்கை: ரேடியோவின் முகப்பும் ஸ்டாண்டின் முன்காலும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். பின்கால்கள் படத்தில் எப்போதும் சின்னதாகத் தெரியும், அவற்றை அளந்து ஏமாற வேண்டாம். படம் பக்கவாட்டில் இருந்து எடுத்ததாக இருந்தால் அகலத்தை நம்பாதீர்கள், உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கு ரேடியோவின் உயரத்தையே அளவுகோலாக வைக்க வேண்டும்.

நினைவுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். "கீழ ஒரு தட்டு இருக்கும், அதுலதான் லைசென்ஸ் புஸ்தகத்தை வச்சிருப்பாரு" என்றார் பெரியம்மா. தட்டு இல்லை, டிராயர் என்றார் சித்தப்பா. படத்தில் கீழே மூன்று நான்கு கோடுகள் தெரிகின்றன, டிராயர் எதுவும் இல்லை. பட்டைகள் அடித்த தட்டுதான். சித்தப்பா நினைவில் வைத்திருப்பது வேறு ஏதோ மேஜையாக இருக்கலாம், ஆனால் அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் எடுக்க வேண்டும்; அந்தப் புத்தகம் கிடைத்தால் தூக்கிப்போடாதீர்கள். வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி ஒட்டிய ஸ்டாம்ப்புகளும் முத்திரையும் அதில் இருக்கும். ரேடியோ எந்த வருஷம் வீட்டுக்கு வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை, ஸ்டாண்டின் காலமும் அதிலிருந்து தெரிந்துவிடும்.

எந்தத் தடயமும் இல்லாதவர்கள் சென்னையில் இருந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ்ப் பத்திரிகைகள் அங்கே ஏராளம். அந்தக் கால விளம்பரங்களில் ரேடியோவைச் சுற்றியிருக்கும் வீட்டுச் சாமான்களைப் பார்த்தால் பொதுவான பாணி பிடிபடும். அது உங்கள் வீட்டு ஸ்டாண்ட் ஆகிவிடாது, ஆனால் காலத்துக்குப் பொருந்தாத ஒன்றைச் செய்துவிடாமல் காப்பாற்றும்.

பழைய தேக்கில் ஆசாரியிடம் செய்வது

இதைச் சொன்னதும் எல்லோரும் தேக்கு விலையை நினைத்துப் பின்வாங்குகிறார்கள். எவ்வளவு மரம் தேவை என்று ஒருமுறை கணக்குப் போட்டால் பயம் போய்விடும். ஒன்றே முக்கால் அங்குலச் சதுரத்தில் 26 அங்குலக் கால் நான்கு. சுற்றிலும் இரண்டரைக்கு ஒன்று மேல்சட்டம். கீழ்த் தட்டுக்கு ஐந்து பட்டை. மேலே முக்கால் அங்குலப் பலகையும் போட்டதாகவே வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அரைக் கன அடி. சேதாரம் சேர்த்தாலும் முக்கால் கன அடியைத் தாண்டாது. கதவுக்கும் கட்டிலுக்கும் போகிற மரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இந்த வேலையில் செலவு மரத்தில் இல்லை, கூலியில்தான் இருக்கிறது. அதனால் மரத்தில் சிக்கனம் பார்த்து ரப்பர் மரத்துக்கோ பெயர் தெரியாத இறக்குமதி மரத்துக்கோ போவதில் அர்த்தமே இல்லை. கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

புதுத் தேக்கா, வீடு இடித்த தேக்கா? எனக்கு இரண்டாவதுதான். இப்போது கிடைக்கும் இளந்தேக்கில் வெள்ளை (வைரம் பாயாத வெளிப்பகுதி) அதிகம். சின்னக் கால்களில் ஓரம் முழுக்க வெள்ளை விழுந்தால் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது, பூச்சியும் முதலில் அங்கேதான் வரும். பழைய நிலைச்சட்டம் வைரம் பாய்ந்தது, ஐம்பது அறுபது வருஷம் காய்ந்தது, இனி முறுக்காது. நான்குக்கு மூன்று அங்குலத்தில் ஏழடி நிலைச்சட்டம் ஒன்று கிடைத்தால் நான்கு காலும் தாராளமாக வந்துவிடும்.

இடைஞ்சல் ஆணிதான். பழைய மரம் என்றாலே ஆசாரிகள் முகம் சுளிப்பதற்கு அதுதான் காரணம். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு ஆணி இழைப்பு மெஷினின் பிளேடைப் பதம் பார்த்துவிடும். மரத்தைக் கொடுப்பதற்கு முன் நீங்களே காந்தம் வைத்து ஒருமுறை தடவிப் பார்த்து, கிடைத்ததையெல்லாம் பிடுங்கிக் கொடுத்தால் வேலையும் சீக்கிரம் ஆகும், ஆசாரியின் மனமும் குளிரும். சுண்ணாம்பும் பெயின்டும் சுரண்டிய பிறகு உளுத்த பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். தட்டினால் மாவு உதிர்கிற மரத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், ரேடியோ பெட்டிக்கும் பரவும்.

கால் நேராகவா, சாய்வாகவா என்பதில் கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐம்பதுகளின் கடைசியில் மேல்நாட்டுப் பாணியைப் பார்த்துச் செய்த ஸ்டாண்டுகளில் கால் வெளிப்பக்கம் சாய்ந்து, கீழே போகப் போகச் சிறுத்து, நுனியில் பித்தளைக் குப்பி போட்டிருக்கும். இதைக் கடைசல் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும், கழுந்தையும் (துளைக்குள் நுழையும் மர முனை) துளையையும் சாய்வாக வெட்ட வேண்டும். எல்லா ஆசாரிக்கும் இது கைவராது. நேர்க்கால் என்றால் எந்த ஆசாரியும் செய்துவிடுவார். எங்கள் படத்தில் நேர்க்கால், முன்விளிம்பில் மட்டும் லேசான சரிவு. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒட்டும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. இழைத்த உடனே பசை போட வேண்டும், இல்லாவிட்டால் கழுந்தைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். இதைச் செய்யாத இணைப்பு இரண்டு வருஷத்தில் ஆட ஆரம்பிக்கும், பழி மரத்தின் மேல் விழும்.

ஈட்டி மரம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கருமை கலந்த அந்த நிறம் ரேடியோவுக்கு எடுப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தை வெட்ட அனுமதி கட்டாயம் என்று 1994-இல் தனிச் சட்டமே வந்தது; இப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய கட்டில் காலோ விட்டமோ கைவசம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

காரைக்குடிக்குப் போவது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண், கதவு, எனாமல் பாத்திரம், கண்ணாடிப் படம் என்று நாள் முழுக்கப் பார்க்கலாம். ரேடியோ ஸ்டாண்டும் அகப்படும். ஆனால் அளவு ஒத்துப்போவது அபூர்வம். 22 அங்குல ரேடியோவுக்கு 18 அங்குல ஸ்டாண்ட் போட்டால் பெட்டி இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். 30 அங்குலம் என்றால் ரேடியோ சின்னதாகிவிடும்.

இங்கே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கிடைத்த பழைய ஸ்டாண்டை அறுத்து நம் ரேடியோவுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவரலாம் என்று கடைக்காரரே சொல்வார். வேண்டாம். நன்றாக இருக்கும் ஒரு பழைய சாமானைக் கெடுத்து இன்னொன்றுக்குப் போலி ஒரிஜினல் தேடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? அளவு தானாகப் பொருந்தினால் வாங்குங்கள். அப்படிப் பொருந்தினால் இதுதான் ஐந்து வழிகளிலும் சிறந்தது. ஐம்பது வருஷக் கை பட்ட தேய்மானத்தை எந்தப் பாலிஷும் கொண்டுவராது. பொருந்தாவிட்டால் அங்கே கிடைக்கும் உடைந்த சாமான்களிலிருந்து பித்தளைக் குப்பி, கைப்பிடி, பழைய திருகு இவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். திருகுத் தலையில் ஒற்றைக் கீறல் உள்ளதாகப் பாருங்கள். நட்சத்திரத் தலைத் திருகு ஒன்று வெளியே தெரிந்தால் போதும், மொத்த வேலையும் புதிது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ப்ளைவுட்டும் வெனீரும்

"முழுத் தேக்கு இல்லையென்றால் ஒரிஜினல் இல்லை" என்று சொல்கிறவர்கள் தங்கள் ரேடியோவின் பின் அட்டையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ப்ளைவுட்தான், மேலே வெனீர் ஒட்டியது. வளைந்த மூலைகள் முழுமரத்தில் அத்தனை சுலபமாக வராது. வெனீரை ஏளனமாகப் பார்க்கக் காரணமே இல்லை.

அகலமான மேல்பலகைக்கு முழுமரத்தைவிட ப்ளை மேலானது என்றுகூடச் சொல்வேன். ஓரடிக்கு மேல் அகலமான முழுப்பலகை மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். சட்டத்தோடு இறுக்கி அடித்திருந்தால் வெடிக்கும். 19 மி.மீ. ப்ளைக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஓரத்துக்குத் தேக்குப் பீடிங் ஒட்டிவிட்டால் அடுக்கு வெளியே தெரியாது.

சிக்கல் வாங்குவதில் இருக்கிறது. தேக்கு வெனீர் ஒட்டிய 4 மி.மீ. ஷீட் எட்டுக்கு நான்கு அடியாகத்தான் கடையில் தருவார்கள். நமக்கு வேண்டியது சுமார் இரண்டு சதுர அடி. மிச்சம் முப்பது சதுர அடியை என்ன செய்வது? இன்டீரியர் வேலை நடக்கும் பட்டறையில் கேட்டால் துண்டு கிடைக்கும், சில சமயம் டீக்காசுக்கே கொடுத்துவிடுவார்கள். ஆனால் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து எடுங்கள். முன்னால் நின்று பார்க்கும்போது இடமிருந்து வலமாக ஓட வேண்டும், துண்டின் நீளம் அதற்கு ஒத்துவராமல் போவதுண்டு. இப்போதைய வெனீர் மிக மெல்லியது, அரை மி.மீ. அளவில்தான் இருக்கும். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் உள்ளே இருக்கும் ப்ளை எட்டிப் பார்க்கும்.

காலுக்கு மட்டும் ப்ளை கூடவே கூடாது. வெட்டு முகத்தில் திருகு பிடிக்காது, நான்கு பக்கமும் வெனீர் ஒட்டிய கால் மூலையில் சீக்கிரம் பெயரும்.

மெஷின் வெட்டு

எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) போர்டில் சி.என்.சி. வெட்டு, மேலே மரக்கோடு ஒட்டிய ஸ்டாண்டை ஒருவர் செய்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அளவு கச்சிதம். ஆனால் எம்.டி.எஃப்.-இன் ஓரத்தில் போட்ட திருகு பளு தாங்காது, வீடு கழுவும் தண்ணீர் காலில் பட்டால் ஊதிவிடும். பெரிய வால்வு ரேடியோ பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், அதை இதன் தலையில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. தவிர, ஒரே ஒரு ஸ்டாண்டுக்கு வரைபடம் போடும் செலவே கூலிக்குச் சமமாகிவிடுகிறது. மெஷின் உதவும் இடம் ஒன்று உண்டு. சுவர்த் தாங்கியில் வளைவு வேலைப்பாடு இருந்தால் போட்டோவிலிருந்து அந்த வளைவை வரைந்து, மெல்லிய ப்ளையில் ஒரு அச்சு வெட்டி வாங்கி ஆசாரியிடம் கொடுக்கலாம். இரண்டு தாங்கியும் ஒன்றுபோல் வரும்.

நகல் வேண்டாம் என்றால்

போட்டோ இல்லை, வீடு இல்லை, ரேடியோவே பழம்பொருள் கடையில் வாங்கியது. இப்படியானால் சுவர்த் தட்டுதான் என் சிபாரிசு. இரண்டு தாங்கி, ஒரு பலகை, முன்விளிம்பில் ரேடியோ நகராமல் இருக்க ஒரு சின்னப் பட்டி, அவ்வளவுதான். குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் நம் வீடுகளில் ரேடியோ இருந்ததும் பெரும்பாலும் இப்படித்தான், அதனால் பொய்யும் இல்லை. மரமும் கூலியும் பாதிகூட ஆகாது. ஒரே நிபந்தனை, சுவர் நல்ல செங்கல் சுவராக இருக்க வேண்டும். இப்போதைய ஃபிளாட்டுகளின் நான்கரை அங்குலத் தடுப்புச் சுவரிலும் பொள்ளல் பிளாக் சுவரிலும் சாதாரண ராவல் பிளக்கை நம்பி இவ்வளவு பளுவை ஏற்ற வேண்டாம்.

எந்த வழியானாலும் மூன்று விஷயங்கள்

ஒன்று, கரன்ட். இதைத்தான் யாரும் பேசுவதில்லை. ரேடியோவின் வால்வுப் பெயர்கள் யு.சி.எச். 81, யு.எல். 84 என்று 'யு' எழுத்தில் தொடங்கினால் அது ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் வகை. அதில் டிரான்ஸ்ஃபார்மர் தடுப்பு கிடையாது, சேஸிஸ் (பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டு) நேராக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். பிளக்கை மாற்றிச் சொருகினால் சேஸிஸிலேயே கரன்ட் வந்துவிடும். அந்தச் சேஸிஸைப் பெட்டியோடு பிடிக்கும் திருகுகள் அடிப்பலகையில்தான் இருக்கின்றன. ஸ்டாண்டின் மேல் பித்தளைத் தகடோ இரும்புச் சட்டமோ போட்டு, அது அந்தத் திருகைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வகை ரேடியோவுக்கு இரும்பு ஸ்டாண்ட் கூடவே கூடாது. இ.சி.எச். 81, இ.எல். 84 என்று 'இ'யில் தொடங்கும் வால்வுகளும் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தால் இந்தப் பயம் குறைவு, ஆனாலும் அடித் திருகுகள் மரத்தைத் தவிர எதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டு, சூடு. வால்வு ரேடியோ காற்று வாங்க வேண்டும். சில பெட்டிகளில் அடியிலும் துளை இருக்கும். எங்கள் பழைய ஸ்டாண்டில் முழுப்பலகை போடாமல் இரண்டு சட்டம் மட்டும் விட்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அடியில் துளை இருந்தால் மேல்பலகையை மூடிப் போடாதீர்கள். பின்னால் சுவருக்கு நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். அதற்கேற்ப ஸ்டாண்டின் ஆழத்தை முடிவு செய்யுங்கள்.

மூன்று, பளு ஒரு பக்கமாகச் சாய்வது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரேடியோவில் அது பெட்டியின் ஒரு ஓரத்தில் இருக்கும், அந்தப் பக்கம் கனம் அதிகம். உயரமாகவும் ஒடுக்கமாகவும் உள்ள ஸ்டாண்டில் ஒரு குழந்தை தொங்கினால் எல்லாம் தலைகுப்புற வரும். பின்சட்டத்திலிருந்து சுவருக்கு வெளியே தெரியாமல் ஒரு எல் கிளாம்ப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம், பழைய ஸ்டாண்டில் அது இல்லாவிட்டாலும்.

பாலிஷ்

நல்ல நகலும் கெட்டுப்போகும் இடம் இது. ஆசாரியிடம் சும்மா விட்டால் மெலமைன் பாலிஷ் அடித்துக் கொடுப்பார், அல்லது பி.யு. (பாலியூரித்தேன்). இரண்டும் உறுதியானவை, தண்ணீருக்கு அசராதவை. ஆனால் பழைய ரேடியோவுக்குக் கீழே கண்ணாடிப் பளபளப்பில் நான்கு கால் நின்றால் கண் ரேடியோவுக்குப் போகாது, காலுக்குத்தான் போகும்.

ரேடியோ பெட்டியில் என்ன பாலிஷ் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணில் படாத இடத்தில், பின் விளிம்பில், பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் லேக்கர். கம்பெனிப் பெட்டிகளில் லேக்கர்தான் அதிகம். ஆனால் ஆசாரி செய்த ஸ்டாண்டுகளில் அந்தக் காலத்தில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பாலிஷ்தான். ஆகவே பெட்டி லேக்கராக இருந்தாலும் ஸ்டாண்டுக்கு நான் அரக்கையே எடுத்துக்கொள்வேன். சூடான டம்ளரும் தண்ணீரும் பட்டால் அதில் வெள்ளை வளையம் விழும், உண்மைதான். ரேடியோ ஸ்டாண்டில் காப்பி டம்ளர் வைக்காமல் இருந்தால் சரி. கீறல் விழுந்தால் அதே இடத்தில் இன்னொரு கை போட்டுச் சரிசெய்துவிடலாம். மெலமைனில் அது நடக்காது, முழுதாகத் தேய்த்து எடுக்க வேண்டும்.

நிறத்தைப் பெட்டியோடு சேர்க்க, அதே மரத்தின் துண்டு ஒன்றில் ஸ்டெயினும் பாலிஷும் எல்லாக் கையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதை ரேடியோ நிற்கப்போகும் அறையில் வைத்துப் பாருங்கள், தெரு வெயிலில் வேண்டாம். இழைத்த தேக்கு முதலில் திட்டுத் திட்டாக இருந்தாலும் வெளிச்சம் பட்டுச் சில வாரங்களில் ஒரே நிறத்துக்கு வரும். அவசரப்பட்டு முதல் நாளே கருப்பாக ஸ்டெயின் ஏற்றினால் பிறகு பெட்டியைவிடக் கறுத்துவிடும். பெட்டியைவிட ஒரு படி வெளிறலாக நிறுத்துவதே சரி. பழசாகக் காட்ட வேண்டும் என்று சங்கிலியால் அடிப்பது, காப்பித்தூள் பூசுவது போன்ற வேலைகளும் வேண்டாம். அடியில், கண்ணுக்குத் தெரியாத சட்டத்தில், செய்த வருஷத்தை உளியால் ஒரு எழுத்து போட்டுவிடச் சொல்லுங்கள். நாளைக்கு வாங்குகிறவன் ஏமாறக் கூடாது.

நான் எடுத்தது முதல் வழி, பழைய தேக்கில் நகல். காலும் சட்டமும் கீழ்த்தட்டுப் பட்டைகளும் நிலைச்சட்டத் தேக்கில். மேலே ரேடியோவின் அடியில் தெரிந்த தடயத்தின்படி இரண்டு குறுக்குச் சட்டம் மட்டும், பலகை இல்லை, அதனால் ப்ளை தேவைப்படவே இல்லை. அரக்குப் பாலிஷ். ஆசாரியோடு தினக்கூலி பேசாமல் மொத்தமாகப் பேசினேன். அதற்கு முன் தக்கை அட்டையில் முழு அளவில் ஒரு மாதிரி ஒட்டி, ரேடியோ அளவுக்கு ஒரு அட்டைப் பெட்டியை மேலே வைத்துப் பார்த்தோம். கீழ்த்தட்டு படத்தில் இருப்பதைவிட இரண்டு அங்குலம் உயரமாக வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. "இதைப் பாத்துட்டா அப்புறம் பேப்பரே வேணாம் தம்பி" என்றார் ஆசாரி. வரைபடத்தைவிட அட்டை மாதிரி அவருக்கு நன்றாகப் பேசியது.

பாலிஷ் முடிந்ததும் ரேடியோவை உடனே ஏற்றிவிடாதீர்கள். அரக்கு தொட்டால் காய்ந்தமாதிரி இருக்கும், உள்ளே இளக்கமாகவே இருக்கும். பத்துக் கிலோ கனமும் வால்வுச் சூடும் சேர்ந்தால் ஃபெல்ட் பாதங்கள் அதில் ஒட்டிக்கொண்டு, தூக்கும்போது பாலிஷையும் பிய்த்துக்கொண்டு வரும். மூன்று நான்கு வாரம் சும்மா விட்டு, கட்டை விரலை அழுத்தினால் ரேகை பதியவில்லை என்று பார்த்த பிறகு ஏற்றுங்கள். மழைக்காலமாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.